உடைமை யாருக்கு, நிர்வாகம் யாருக்கு? கத்ரி கம்பெனி கைமாறிய வரலாறு



சென்ற மாதம் ஒரு நாள் இஷாத் தொழுகை முடிந்து தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு தர்க்கம் கிளம்பியது. தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், "துரைமார் காலத்தில் எல்லாம் மணி அடித்தாற்போல் நடந்தது. நம் நாட்டார் கைக்கு வந்த பிறகுதான் கெட்டது" என்றார். தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் வாலிபர் ஒருவர், "அவர்கள் லாபத்தை எல்லாம் லண்டனுக்கு அனுப்பினார்கள். நம் நாட்டார் வாங்கிய பிறகுதான் பணம் இங்கே தங்கியது" என்றார். குரல் உயர்ந்ததே தவிர, இருவரில் ஒருவராவது ஒரு கணக்கை எடுத்து வைத்தாரில்லை. கல்லாவில் உட்காருகிறவனுக்குக் கணக்கில்லாத பேச்சு பிடிக்காது. அடியேன் படித்தது மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும்தான். ஆயினும் அன்று முதல் இந்த விஷயத்தைப் பற்றிக் கிடைத்ததைப் படித்தும், விவரம் தெரிந்தவர்களைக் கேட்டும் வந்தேன். அதில் தேறியதை இங்கு எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக் கொள்ள வேண்டும். "கம்பெனி நம் கைக்கு வந்தது" என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. பங்கு யாருடையது என்பது ஒன்று. அதுவே உடைமை. நாற்காலியில் உட்கார்ந்து "இதை நடு, அதை வெட்டு, இவனை வேலைக்கு வை" என்று உத்தரவு போடுகிறவர் யார் என்பது இரண்டாவது. அது நிர்வாகம். உடைமை ஓரிடத்திலும் நிர்வாகம் வேறிடத்திலும் இருப்பது நமக்குப் புதிதன்று. கதீஜா நாயகி (ரலி) அவர்களின் முதலைக் கொண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், நபித்துவத்திற்கு முந்திய நாளில், ஷாம் தேசம் சென்று வியாபாரம் செய்து வந்த வரலாறு நம் குழந்தைகளுக்கும் தெரியும். முதல் அந்த அம்மையாருடையது. உழைப்பும் சாமர்த்தியமும் நம்பிக்கையும் நாயகம் அவர்களுடையவை. இம்முறையைத்தான் பிக்ஹு நூல்கள் முதாரபா என்றும் கிராள் என்றும் கூறுகின்றன. முதல் அழிந்தால் நஷ்டம் முதலாளியைச் சேரும். உழைத்தவருக்கு உழைப்பு வீண். உழைத்தவர் அசட்டை செய்தாலோ நிபந்தனையை மீறினாலோ மாத்திரம் பொறுப்பு அவர் தலையில் விழும். இந்தச் சட்டத்தை மனத்தில் வைத்துக் கொண்டு, கத்ரி கம்பெனியின் கதைக்கு வருவோம்.

அலெக்ஸாண்டர் கத்ரி என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1821-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் வியாபாரம் தொடங்கினார். வியாபாரம் தோட்டமாயிற்று. தோட்டம் ரப்பராயிற்று, பிறகு செம்பனையும் சேர்ந்தது. 1981-க்கு வரும்போது அக்கம்பெனிக்கு இந்நாட்டில் ஏறக்குறைய 2 லட்சம் ஏக்கர் நிலம் இருந்தது. நிலம் இங்கே, மரம் இங்கே, பால் வெட்டுகிற நம் தமிழ் ஜனங்கள் இங்கே. கம்பெனியின் தலைமை அலுவலகம் மட்டும் லண்டனில். 1957-இல் மெர்டேக்கா வந்து 24 வருஷமாகியும் அப்படி!

இது கத்ரி ஒன்றுக்கு மட்டும் உரிய நிலை அல்ல. 1970-இல் இந்நாட்டுக் கம்பெனிப் பங்குகளில் 60 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டார் வசம் இருந்தது. 1971-இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தபோது, அதை 1990-க்குள் 30 விழுக்காடாகக் குறைக்க வேண்டும் என்று ஏற்பாடு. பிடுங்கிக் கொள்வதில்லை, விலை கொடுத்து வாங்குவது என்பதே முறை. அதற்காக 1978-இல் பெர்மோடாலான் நேஷனல் என்ற ஸ்தாபனம் ஏற்பட்டது. அதன் தலைவராக வந்தவர் துன் இஸ்மாயில் அலி. 1962 முதல் 1980 வரை நம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் கவர்னராக இருந்தவர். நிர்வாகத்தைக் கவனித்தவர் காலிட் இப்ராஹிம். பிற்காலத்தில் சிலாங்கூர் மந்திரி புசாராக இருந்து 2022-இல் காலமானவர்.

1979-இல் சைம் டார்பி கத்ரியை வாங்க முயன்று தோற்றது. அது ஒரு படிப்பினையாயிற்று. வாங்கப் போகிறேன் என்று தமுக்கடித்துவிட்டுப் போனால் விற்கிறவன் விலையை ஏற்றிவிடுவான், அல்லது கதவைச் சாத்திக் கொள்வான். இதை நம் மொத்தக் கடைக்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆகவே பெர்மோடாலான் சத்தமில்லாமல் முதலில் கால்பங்கு அளவு சேர்த்துக் கொண்டது. 1981 செப்டம்பர் 7, திங்கட்கிழமை காலை லண்டன் பங்குச் சந்தை திறந்ததும், அதன் தரகர்கள் பெரிய பங்குதாரர்களை ஒவ்வொருவராக அணுகினார்கள். சில மணி நேரத்தில் பங்கு பாதியைத் தாண்டிவிட்டது. 160 வருஷத்துக் கம்பெனி மதிய உணவுக்கு முன் கைமாறிவிட்டது! இதை இன்றைக்கும் "விடியற்காலைத் தாக்குதல்" என்று சொல்கிறார்கள். தாக்குதல் என்றாலும் துப்பாக்கி இல்லை, பறிமுதல் இல்லை. பங்குக்குப் பணம் கொடுத்தே வாங்கினார்கள். ஆனாலும் லண்டனில் கோபம் பொங்கியது. பங்குச் சந்தை விதிகளை மாற்றி, மறுபடி இப்படி நடக்காமல் இறுக்கினார்கள். இங்கிருந்து அதற்கு ஒரு பதிலும் போயிற்று. 1981 அக்டோபரில் டாக்டர் மகாதீர் "பிரிட்டிஷ் சாமானைக் கடைசியாக வாங்குவோம்" என்ற கொள்கையை அறிவித்தார். 1983 வரை அது நீடித்தது.

தேநீர்க் கடையில் பேசுகிறவர்கள் இத்துடன் கதையை முடித்து விடுவார்கள். எனக்கோ இதற்கு மேல்தான் விஷயம் ஆரம்பம். திங்கட்கிழமை கம்பெனி கைமாறியது, சரி. செவ்வாய்க்கிழமை காலை தோட்டத்தில் என்ன ஆயிற்று?

ஒன்றும் ஆகவில்லை. பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டார்கள். பால் வெட்டினார்கள். பழக்குலைகள் ஆலைக்குப் போயின. ஏனென்றால் மெர்டேக்காவுக்குப் பிறகு 24 வருஷமாகத் தோட்டத் துரை வேலைக்கு மலேசியர் படிப்படியாக வந்து கொண்டிருந்தார்கள். மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்று மூவினத்தாரும் சின்னத் துரையாகச் சேர்ந்து பெரிய துரையாக உயர்ந்திருந்தார்கள். ரப்பர் விஷயத்தில் ஆராய்ச்சி செய்ய 1925 முதல் இந்த நாட்டிலேயே ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இருந்தது. செம்பனைக்கு 1979-இல் தனி ஆராய்ச்சிக் கழகம் ஏற்பட்டது. லண்டன் கோபித்துக் கொண்டு வித்தையை மூட்டை கட்டி எடுத்துப் போக முடியாது. வித்தை இங்கேயே வேர் விட்டிருந்தது. நிர்வாகம் முன்பே உள்ளூர் ஆகியிருந்தது. உடைமை அதைப் பின்தொடர்ந்து வந்தது. கத்ரியின் வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். இந்த வரிசையை மாற்றி, சந்தையையும் வித்தையையும் அறியாதவன் முதலில் வாங்கிவிட்டுப் பிறகு கற்றுக் கொள்ளலாம் என்று இருந்தால், கற்றுக் கொள்வதற்குள் முதல் கரைந்து போகும்.

கைமாறிய பின் கம்பெனி நன்றாக நடந்ததா, முன்னைவிட மோசமா? இங்கே அவசரப்படக் கூடாது. ஒரு சிறு பூச்சியின் கதையைச் சொல்கிறேன்.

செம்பனையில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. மகரந்தம் சேர வேண்டும். அந்நாளில் நம் தோட்டங்களில் பெண்கள் மகரந்தப் பொடியைப் பூவுக்குப் பூ கையால் தூவி வந்தார்கள். அதற்கென்றே ஆட்கள், கூலி, மேற்பார்வை எல்லாம் உண்டு. ஆப்பிரிக்காவில் கமரூன் தேசத்தில் இந்த வேலையை ஒரு வண்டு செய்கிறது என்று கண்டு, யூனிலீவர் கம்பெனியார் அதை இங்கு கொண்டு வந்து, 1981-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜொகூரில் விட்டார்கள். வண்டு பெருகியது. நாடெங்கும் பரவியது. கையால் தூவும் வேலை நின்று போயிற்று; பழமும் நன்றாகப் பிடித்தது. கவனியுங்கள்: வண்டு வந்ததும் 1981, கத்ரி கைமாறியதும் 1981. அடுத்த சில வருஷங்களில் செம்பனைக் கணக்கில் விளைச்சல் கூடினால், புகழ் புதிய முதலாளிக்கா, வண்டுக்கா? இதைப் பிரித்துப் பார்க்காமல் "நம் நாட்டார் வந்தார்கள், பெருகியது" என்று பேசுவது, பக்கத்தில் பஸ் நிறுத்தம் வந்ததால் கூடிய வியாபாரத்தைத் தன் கைராசி என்று சொல்லிக் கொள்ளும் கடைக்காரன் பேச்சைப் போன்றது. (நானும் அப்படிச் சொல்லிக் கொண்டவன்தான்.)

வண்டைத் தவிர உலக விலையும் உண்டு. ரப்பர் விலை தளர்ந்து செம்பனை ஓங்கிய காலம் அது. 1960-இல் நாட்டில் செம்பனை சுமார் 55 ஆயிரம் ஹெக்டேர். 1980-இல் 10 லட்சம். 2000-இல் 33 லட்சத்துக்கு மேல். இந்த அலையில் ஆங்கிலேயன் கம்பெனியும் மிதந்தது, சீனன் கம்பெனியும் மிதந்தது, அரசாங்கத்து பெல்டாவும் மிதந்தது. ஆகவே புதிய உடைமையினால் ஏற்பட்டது என்று உறுதியாகச் சொல்லத் தக்கவற்றை மட்டும் சொல்கிறேன். கம்பெனியின் தலைமை நாற்காலி கோலாலம்பூருக்கு வந்தது; பெரிய உத்தியோகங்களும், அவற்றைச் சார்ந்த கணக்கர், வக்கீல், வங்கி வேலைகளும் இங்கு வந்தன. லாபப் பங்கு இந்த நாட்டு யூனிட்தாரர்களுக்குப் போயிற்று. நிலத்தை என்ன செய்வது என்ற தீர்மானமும் இங்கேயே எடுக்கப்பட்டது. கடைசியாகச் சொன்னதில் இரண்டு பக்கமும் உண்டு. ஷா ஆலம் அருகே புக்கிட் ஜெலுத்தோங் போன்ற புதிய நகரங்கள் கத்ரியின் தோட்ட நிலத்தில் எழுந்தன. வீடு வாங்கியவனுக்கு நல்லது, கம்பெனிக்கும் லாபம். நாடெங்கும் இப்படி நகரமான தோட்டங்களில் லயத்தில் பிறந்து வளர்ந்து, வேலையும் வீடும் ஒரே நாளில் போன குடும்பங்களைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார்கள். அந்தக் கணக்கு எந்த ஆண்டறிக்கையிலும் அச்சாவதில்லை.

துணிச்சலும் வந்தது. 2001-இல் கத்ரி இந்தோனேசியாவில் மினாமாஸ் என்ற பெருந்தோட்டத் தொகுதியை 30 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது; 2 லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம். ஒரு காலத்தில் லண்டனுக்குச் சொந்தமாக இருந்த கம்பெனி, இப்போது வேறு நாட்டில் தானே வெளிநாட்டு முதலாளி! கடன் பாரம் ஏறியது என்று அப்போது பலர் குறை சொன்னார்கள். பின்னால் அந்த நிலம்தான் கம்பெனிக்குப் பெரிய சொத்தாயிற்று.

நம்மூருக்குப் பொருத்திப் பார்க்கலாம். தைப்பிங்கைக் கிலியான் பாவ் என்றும், நம் கமுந்திங்கைக் கிலியான் பாரு, அதாவது புது லம்பம் என்றும் அழைத்த காலம் உண்டு. கமுந்திங் பெயரிலேயே ஈயக்கப்பல் கம்பெனி ஒன்று லண்டன் பங்குப் பட்டியலில் இருந்தது. ரப்பர் தோட்டங்களுக்கு முன்பே, 1976-இல், லண்டன் டின் என்ற பெரிய ஈயக் கம்பெனி பெர்னாஸ் மூலமாக மலேசியர் கைக்கு வந்தது. பிறகு அது மலேசியா மைனிங் கார்ப்பரேஷன் ஆயிற்று. ஈயத்தில் உலகத்திலேயே பெரிய கம்பெனிகளில் ஒன்று. இங்கும் உடைமை உள்ளூர், நிர்வாகமும் உள்ளூர் ஆகி வந்தது. ஆனால் 1985 அக்டோபரில் சர்வதேச ஈயக் கவுன்சிலிடம் விலையைத் தாங்கிப் பிடிக்கப் பணம் தீர்ந்து, ஈய விலை பாதாளத்தில் விழுந்தது. கிந்தாவிலும் லாருட்டிலும் லம்பங்கள் அடுத்தடுத்து மூடின. ஈயக்கப்பல்கள் நின்ற இடத்திலேயே துருப்பிடித்தன. முதலாளி லண்டனில் இருந்திருந்தாலும் அப்படித்தான் நடந்திருக்கும். என் அத்தா அந்த வருஷத்துக் கடன் புத்தகத்தை வெகு காலம் பெட்டியில் வைத்திருந்தார்கள். லம்பத்து ஆட்களின் பாக்கியில் பாதிக்கு மேல் வசூலாகவேயில்லை. ஈயம் போன பள்ளங்கள் இன்று குளங்களாகத் தாமரையோடு நிற்கின்றன. மண்ணில் சரக்குத் தீர்ந்து, சந்தையில் விலையும் விழுந்தால், உள்ளூர் முதலாளி மந்திரம் ஒன்றும் செய்ய முடியாது.

இதற்கும் முந்திய காலத்தில், உள்ளூர் உடைமையே தீமையாக முடிந்ததும் உண்டு. 1950-களில் பல ஆங்கிலேயர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கிய உள்ளூர்க்காரர்கள் பலர் அவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பத்திரிகைகள் கதறிய சங்கதி இதுவே. பேராசிரியர் உங்கு அஜீஸ் இதை ஆராய்ந்து விரிவான அறிக்கை எழுதினார். துண்டு வாங்கியவர்கள் உரம் போடவில்லை, மறுநடவு செய்யவில்லை. தொழிலாளர் பல இடங்களில் வீட்டையும் வேலையையும் இழந்தார்கள். வெள்ளைக்காரன் போய் உள்ளூர்க்காரன் வந்தான். தோட்டமும் கெட்டது, ஜனங்களும் கெட்டார்கள். கிராணிப் பெரியவர் சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

அதற்கு மாற்றுக் கண்டவர் நம் பேராக்கின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஏற்படுத்தி, தொழிலாளரிடம் மாதம் 10 வெள்ளி வீதம் சேர்த்து, கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார். பிறகு வரிசையாகப் பல தோட்டங்கள். தோட்டத்தைத் துண்டு போடாமல், பழக்கப்பட்ட நிர்வாகத்தோடு அப்படியே நடத்தினார்கள். பணமும் உள்ளூர்ப் பணம், அதிலும் பால் வெட்டியவன் பணம். ஒரே காலம், ஒரே ரப்பர் விலை. இரண்டு பேரும் உள்ளூர் முதலாளிகள்தாம். ஒருவர் வாங்கி உடைத்தார். மற்றவர் வாங்கி வைத்து நடத்தினார்.

வெளிநாட்டிலிருந்து ஓர் உதாரணம் கூறினால் விஷயம் இன்னும் விளங்கும். பாகிஸ்தானில் சிந்து மாகாணத்து தஹர்க்கி என்னும் ஊரில், பக்கத்தில் எரிவாயு கிடைத்தது கொண்டு, அமெரிக்க எஸ்ஸோ கம்பெனி 1968-இல் ஓர் உரத் தொழிற்சாலையை ஓட்டத் தொடங்கியது. வருஷத்துக்கு 1 லட்சத்து 73 ஆயிரம் டன் யூரியா. பிறகு எக்ஸான் என்று பெயர் மாறிற்று. 1991-இல் எக்ஸான் உரத் தொழிலையே விட்டுவிடத் தீர்மானித்துத் தன் 75 விழுக்காட்டுப் பங்கை விற்க வந்தது. அப்போது அங்கே வேலை பார்த்த பாகிஸ்தானியரே, ஷவுக்கத் மிர்ஸா என்பவர் தலைமையில், வங்கிகளையும் நிதி ஸ்தாபனங்களையும் துணை சேர்த்துக் கொண்டு அதை வாங்கினார்கள்! எங்க்ரோ என்று புதுப் பெயர் வைத்தார்கள்.

தாய்க் கம்பெனி போய்விட்டது. புது ஆலை கட்டப் பெரும் பணம் இல்லை. என்ன செய்தார்கள்? அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஓட்டம் நின்று கிடந்த பழைய ஆலைகளை விலைக்கு வாங்கி, கழற்றிக் கப்பலில் ஏற்றி, தஹர்க்கியில் கொண்டு வந்து மறுபடி பூட்டினார்கள். பழைய சாமான் என்று கேலி செய்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் உற்பத்தி 6 லட்சம் டன் அளவுக்கு உயர்ந்தது, பிறகு 9 லட்சத்தைத் தாண்டியது. எக்ஸான் காலத்தில் பழகிய பாதுகாப்பு முறை, கணக்கு முறை ஆகியவற்றை அவர்கள் விட்டுவிடவில்லை. துரை போய்விட்டான் என்று துரையின் ஒழுங்கையும் சேர்த்துத் தூக்கி எறியவில்லை. தூரத்தில் இருக்கும் தலைமை அலுவலகம் செய்யத் துணியாத வேலையை உள்ளே இருந்தவர்கள் துணிந்து செய்தார்கள். அவர்களுக்கு அந்த ஊரை விட்டால் வேறு ஊர் இல்லை என்பதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இங்கும் வரிசை கத்ரியைப் போன்றதே: இருபது வருஷத்துக்கு மேல் நிர்வாகம் பழகிய பிறகு உடைமை. முற்றும் சுகமென்றும் சொல்ல முடியாது. 2010-ஐ ஒட்டி 100 கோடி டாலருக்கு மேல் போட்டு மிகப் பெரிய புதிய ஆலையைக் கட்டினார்கள். கட்டி முடித்ததும் அரசாங்கத்திடமிருந்து வர வேண்டிய எரிவாயு போதிய அளவு வரவில்லை. சில வருஷம் கடனில் தத்தளித்தார்கள்.

இனி நம் கசப்பான பகுதி. உடைமை பக்கத்தில் வந்தால் பக்கத்திலுள்ளவர்களின் ஆசையும் பக்கத்தில் வந்துவிடுகிறது. சைம் டார்பியைப் பாருங்கள். 1910-இல் மலாக்காவில் தொடங்கிய வெள்ளைக்காரக் கம்பெனி. 1973-இல் அதன் வெள்ளைக்காரத் தலைவர் ஒருவரே கம்பெனிப் பணத்தில் கை வைத்த வழக்கில் சிக்கிச் சிங்கப்பூரில் சிறை சென்றார். ஆகவே துரைமார் எல்லாரும் சுத்தம் என்று எண்ண வேண்டாம். 1976-இல் முன்னாள் நிதி மந்திரி துன் டான் சியூ சின் தலைவரானார். 1979-க்குள் தலைமை அலுவலகம் கோலாலம்பூருக்கு வந்தது. பல வருஷம் நல்ல லாபம். ஆனால் தோட்டம், இயந்திரம், மோட்டார் வியாபாரத்தில் தேர்ந்த கம்பெனி 1990-களில் ஒரு வங்கியை வாங்கியது. 1997-98 நெருக்கடியில் அந்த வங்கி பெரும் பள்ளமாகி, தாய்க் கம்பெனியையே நஷ்டத்தில் தள்ளியது. 2007-இல் சைம் டார்பி, கத்ரி, ஹாரிசன்ஸ் கம்பெனியின் வாரிசான கோல்டன் ஹோப் மூன்றும் ஒன்றாகிச் சுமார் 5 லட்சம் ஹெக்டேர் செம்பனையுள்ள மாபெரும் கம்பெனியாயின. மூன்றே வருஷத்தில், 2010-இல், எரிசக்திப் பிரிவின் ஒப்பந்த வேலைகளில் ஏறக்குறைய 100 கோடி வெள்ளி நஷ்டம் வெளிவந்து, தலைமை நிர்வாகி விலக நேர்ந்தது. இரண்டு முறையும் அடி விழுந்தது தோட்டத்தில் அல்ல. தெரிந்த தொழிலை விட்டுத் தெரியாத தொழிலுக்குப் போன இடத்தில். நஷ்டம் யாரைச் சேர்ந்தது? முதாரபா சட்டப்படியே முதலாளியை. முதலாளி யார்? நாடு பூராவும் சிறுகச் சிறுகப் போட்ட யூனிட்தாரர்கள்.

இந்த இடத்தில் உமர் (ரலி) அவர்கள் காலத்து வழக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் கிராள் பற்றிய பாடத்தில் இது வருகிறது. கலீபாவின் புதல்வர் இருவர், அப்துல்லாஹ்வும் உபைதுல்லாஹ்வும், படையோடு இராக் சென்று திரும்பும் வழியில் பஸ்ராவின் கவர்னர் அபூமூஸா (ரலி) அவர்களைக் கண்டார்கள். மதீனாவுக்கு அனுப்ப வேண்டிய பொதுப் பணம் கவர்னரிடம் இருந்தது. அதை அவர்களிடம் கொடுத்து, வழியில் சரக்கு வாங்கி மதீனாவில் விற்று, லாபத்தை வைத்துக் கொண்டு முதலைக் கலீபாவிடம் செலுத்தச் சொன்னார். அப்படியே செய்தார்கள், லாபமும் வந்தது. கலீபா கேட்டது ஒரே கேள்வி: படையில் இருந்த எல்லாருக்கும் இப்படிக் கொடுத்தாரா, உங்களுக்கு மட்டும் கொடுத்தாரா? எங்களுக்கு மட்டும் என்றார்கள். அப்படியானால் முதலையும் லாபத்தையும் சேர்த்து வையுங்கள் என்றார். உபைதுல்லாஹ் வாதாடினார்: முதல் அழிந்திருந்தால் நாங்கள்தானே கட்டியிருப்போம்? கடைசியில் சபையில் இருந்த ஒருவர் யோசனை சொல்ல, அதைக் கிராளாக வைத்து, லாபத்தில் பாதி பொதுப் பணத்தில் சேர்ந்தது. பாதி புதல்வர்களுக்குப் போயிற்று.

அந்தப் பிள்ளைகள் திருடவில்லை, நஷ்டமும் வரவில்லை. ஆனாலும் கலீபா விடவில்லை. பொது முதல் கொண்டு நடக்கும் கம்பெனியில் நாற்காலி எப்படிக் கிடைத்தது என்ற கேள்வியை, லாபம் வந்திருக்கும்போதே கேட்க வேண்டும் என்பது இதில் இருக்கிறது. நாமோ நஷ்டம் வந்த பிறகே கேட்கிறோம்.

உடைமையாளன் தூரத்தில் இருந்தாலும் பக்கத்தில் இருந்தாலும் தோட்டத்தில் குனிந்து வேலை செய்பவனுக்கு அது தானாகத் தெரிந்துவிடுவதில்லை. 2020 டிசம்பரில் அமெரிக்கச் சுங்க இலாகா, கட்டாய வேலை வாங்கியதற்கான அறிகுறிகள் உண்டென்று கூறி, சைம் டார்பி தோட்டக் கம்பெனியின் பனை எண்ணெய்க்குத் தடை போட்டது. வெளிநாட்டுத் தொழிலாளர் இங்கு வருவதற்காக ஏஜெண்டுகளுக்குக் கட்டிய பணம், பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்தல் போன்றவை அதில் பேசப்பட்டன. கம்பெனி தன் முறைகளை மாற்றி, தொழிலாளர் கட்டிய பணத்தைத் திருப்பித் தர 8 கோடி வெள்ளிக்கு மேல் ஒதுக்கியது. 2023 பிப்ரவரியில் தடை நீங்கிற்று. நம் பாட்டன்மார் கங்காணிக்குக் கடன்பட்டுக் கப்பலேறி வந்த அதே கதை, இப்போது வங்காளத்தான், நேப்பாளி, இந்தோனேசியன் தலையில். துரை மாறினான், கங்காணி ஏஜெண்டானான். இதைத் திருத்தியதும் உள்ளூர் நிர்வாகமே என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அமெரிக்காக்காரன் சரக்கை நிறுத்திய பிறகு!

பெரிய கம்பெனிகளின் கதை நமக்கெதற்கு என்று சிலர் கேட்கலாம். நம் கடைகளில் உடைமையும் நிர்வாகமும் ஒரே ஆளின் சட்டைப் பையில் இருக்கின்றன. அந்த ஆள் மவுத்தானால் இரண்டும் ஒரே நாளில் போகின்றன. பிள்ளைகள் கோலாலம்பூரில் உத்தியோகம் பார்க்கிறார்கள். அவர்களுக்கு உடைமை வருகிறது, நிர்வாகம் தெரியாது. கடையில் இருபது வருஷம் நின்ற ஆளுக்கு நிர்வாகம் தெரியும், உடைமை ஒரு காசு இல்லை. அப்படி மூடிய கடைகள் தைப்பிங்கிலிருந்து ஈப்போ வரையில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் விரல் போதாது. என் கடையில் இங்கேயே பிறந்த தம்பி ஒருவர் 18 வருஷமாக இருக்கிறார். எந்த மொத்த வியாபாரி ஏமாற்றுவான், எந்த வாடிக்கையாளருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்பது என்னைவிட அவருக்குத் தெரியும். இதைப் படித்த பிறகு, அவருக்குச் சம்பளத்தோடு நிற்காமல் லாபத்தில் ஒரு பங்கு என்று எழுத்தில் வைத்துக் கொள்ள ஆலிம் ஒருவரிடமும் கணக்கர் ஒருவரிடமும் யோசனை கேட்டிருக்கிறேன். சம்பளமும் லாபப் பங்கும் ஒரே ஆளுக்கு எப்படிச் சேரும் என்பதில் பிக்ஹில் நிபந்தனைகள் உண்டென்று ஆலிம் சொல்கிறார். அதை முடிவு செய்தபின் எழுதுவதாக இருக்கிறேன். வீட்டில் இதற்கு முழுச் சம்மதம் இல்லை என்பதையும் மறைக்கவில்லை.

கத்ரியின் கதையில் ஒன்று மீதம் இருக்கிறது. 2017-இல் சைம் டார்பி மூன்றாகப் பிரிந்தது. தோட்டங்கள் தனிக் கம்பெனியாயின. 2024-இல் அந்தத் தோட்டக் கம்பெனி தன் பெயரை எஸ்டி கத்ரி என்று மாற்றிக் கொண்டது. 1821-இல் வந்த ஸ்காட்லாந்துக்காரரின் பெயர், மலேசியர் உடைமையில், மலேசியர் நிர்வாகத்தில், தாமாகவே விரும்பி எடுத்து வைத்துக் கொண்ட பெயராகத் திரும்பி வந்திருக்கிறது. தேநீர்க் கடையில் கிராணிப் பெரியவரிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ போர்டை மறுபடி எழுதினால் நம்ம பழைய தோட்டத்து வாசலில் எங்க காலத்துப் பேரே இருக்குமா?" என்று கேட்டார். அந்தத் தோட்டம் இப்போது வீடமைப்புத் திட்டம் என்று பக்கத்திலிருந்த வாலிபர்தான் சொன்னார்.